பந்தி வஞ்சனை பள்ளியில் வேண்டாம்



கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது. வரிசையாக இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். ஓர் இலைக்கு வடை வைத்துவிட்டு, அடுத்த இலையைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? அங்கே உட்கார்ந்திருப்பவர் மனம் நொந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். இதைத்தான் தமிழர்கள் 'பந்தி வஞ்சனை' என்பார்கள். அமெரிக்க அரசுப் பள்ளிகளிலும் இப்படி ஒரு வஞ்சனை பல ஆண்டுகள் இருந்தது. சாப்பாடு இருந்தும் வெட்கப்பட்டுச் சில பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அதை ஒரு பெரிய நகரம் எப்படிச் சரிசெய்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க விவசாயிகளின் விளைபொருள்கள் விலை போகாமல் கிடந்தன. மறுபக்கம் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தார்கள். அரசாங்கம் உபரிப் பொருள்களை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. படைக்கு ஆள் எடுத்தபோது, சிறு வயதில் சரியான சத்துணவு கிடைக்காததால் உடல் தகுதி பெறாத இளைஞர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1946 ஜூன் மாதத்தில் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பணம் கட்ட முடியாத பிள்ளையைத் தனியே பிரித்து வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது.

எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. தனிச் சீட்டு, தனி வரிசை என்று இலவசச் சாப்பாடு வாங்கும் பிள்ளைகளை அடையாளம் காட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 1970-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அதைத் தடுக்க வேண்டி வந்தது.

ஆனாலும் அடையாளம் முழுதாக மறையவில்லை. காரணம், திட்டத்தின் அமைப்பே பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம். 185 விழுக்காடு வரை குறைந்த கட்டணம், அதாவது ஒரு மதிய உணவுக்கு 40 காசுக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் முழுக் கட்டணம். இதற்கென்று பெற்றோர் பாரம் நிரப்ப வேண்டும். அதை நிரப்பக் கூச்சப்பட்ட பெற்றோர் உண்டு. எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே வருமானம் இருந்ததால் கடனில் விழுந்த குடும்பங்களும் உண்டு.

கடன் ஏறினால் சில பள்ளிகள் என்ன செய்தன? சூடான சாப்பாட்டுக்குப் பதில் ஆறிய சீஸ் ரொட்டியைக் கொடுத்தன. சில இடங்களில் பிள்ளையின் கையிலேயே முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாங்கிய தட்டைப் பறித்துக் குப்பையில் கொட்டிய இடங்களும் இருந்தன. கடன் பெற்றோருடையது, அவமானமோ பிள்ளைக்கு! 2017-ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோ மாநிலம் இத்தகைய அவமதிப்பை முதன்முதலாகச் சட்டம் போட்டுத் தடுத்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. அப்போது அங்கே ஏறக்குறைய 11 லட்சம் மாணவர்கள் படித்தார்கள். அதுவரை முழுக் கட்டணம் 1 டாலர் 75 காசு. இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்று நகரம் அறிவித்தது. நான்கில் மூன்று பங்கு பிள்ளைகள் ஏற்கெனவே சலுகைக்குத் தகுதி பெற்றவர்கள்தாம். ஆனால், தகுதி இருந்தும் வரிசைக்கு வராத பிள்ளை இப்போது தயங்காமல் வரலாம். தட்டைப் பார்த்து யார் ஏழை என்று சொல்ல முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது? 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி திறந்திருந்தது. உணவு உதவி போன்ற அரசாங்கத் திட்டங்களில் ஏற்கெனவே பதிவான பிள்ளைகளை அந்தப் பட்டியல்களிலிருந்தே கணக்கெடுக்கலாம், பாரம் தேவையில்லை. அத்தகையோர் 62.5 விழுக்காடு இருந்தால், எல்லாச் சாப்பாட்டுக்கும் மத்திய அரசு இலவச உணவுக்குரிய தொகையைக் கொடுத்துவிடும். குறைவாக இருந்தால், மிச்சச் செலவைப் பள்ளி மாவட்டம் ஏற்க வேண்டும்.

'பணக்காரப் பிள்ளைக்கு எதற்கு இலவசம்?' என்று கேட்பது நியாயமே. சிரக்கியூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூயார்க் நடுநிலைப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் இலவசம் என்றானபோது ஏழைப் பிள்ளைகளும் மற்றவர்களும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரு தரப்பிலும் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. ஏழைப் பிள்ளைக்கு இலவசம் முன்பும் இருந்தது. புதிதாகக் கிடைத்தது, கூச்சமில்லாமல் சாப்பிடும் உரிமை.

இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது என்பதற்கும் அந்த நகரமே சாட்சி. காலை உணவை 2003-ஆம் ஆண்டிலேயே அது இலவசமாக்கியது. ஆனால், மணியடிக்கும் முன்பே வந்து சிற்றுண்டிச்சாலையில் உட்கார வேண்டும். வந்தவர்கள் குறைவு. வகுப்பறைக்கே உணவைக் கொண்டுபோன பள்ளிகளில்தான் சாப்பிடுவோர் தொகை கூடியது.

2020-இல் கொரோனா வந்தபோது நாடு முழுவதும் பள்ளி உணவு இலவசமானது. 2022-இல் அந்தச் சலுகை முடிந்தது. பாரமும் கடனும் பல ஊர்களுக்குத் திரும்பி வந்தன. கலிபோர்னியா, மேய்ன் போன்ற மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தால் எல்லாருக்கும் இலவசம் என்பதைத் தொடர்ந்தன.

நேயர்களே, ஒரு பள்ளியில் உணவுத் திட்டம் நடக்கிறது என்றால், எத்தனை தட்டுச் சாப்பாடு போனது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பிள்ளை வரிசைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். பசியை வெளியே சொல்லாத பிள்ளையும் பசித்த பிள்ளைதான்.