கப்பல் ஏறும் பனியனுக்கும் நம்ம தவணைப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பொதுக்குழு என்றால் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்றுதான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் தூரமாகத் தெரிகிற ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. பேரைக் கேட்டதுமே, "அதெல்லாம் டில்லிக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குங்க?" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2025 ஆவணி, புரட்டாசியில் நம்ம தவணைப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

அந்த இரண்டு மாதமும், ஒருநாளும் தவணை தவறாத உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். அதிகாலை வேன் ஏறி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒருத்தர் டைலர், ஒருத்தர் செக்கிங், ஒருத்தர் பிசிறு வெட்டுகிறவர். "வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் பார்த்துட்டு இருந்தோம். இப்ப நாலுதான் குடுக்கறாங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கினா மளிகைக்கே சரியாப் போகுது, தவணைக்கு எங்கே போறது?" என்றார்கள். அவர்கள் சோம்பேறியாகிவிடவில்லை, கம்பெனிக்காரரும் வேண்டுமென்றே வேலையைக் குறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போட்ட ஒரு கையெழுத்துதான் நம்ம புத்தகத்தில் நிலுவையாக வந்து விழுந்தது.

வரி என்றால் என்ன?

ஒரு சரக்கு வேறு நாட்டுக்குள் நுழையும்போது அந்த நாடு வாங்குகிற வரிக்கு இறக்குமதி வரி என்று பெயர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல் முதலில் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் சொல்லி, அந்த மாதம் 27ஆம் தேதி முதல் இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது. மொத்தம் 50. இது ஏற்கனவே இருந்த வரிக்கு மேலே. அதே சமயம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான்.

குழுக் கணக்கு போடுகிற நமக்கு இது கஷ்டமில்லை. 300 ரூபாய் மதிப்புள்ள ஒரு சட்டை என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊர்ச் சட்டைக்குக் கூடுதல் வரி 150 ரூபாய். வங்கதேசச் சட்டைக்கு 60 ரூபாய். ஒரு சட்டைக்கு 90 ரூபாய் வித்தியாசம். ஆயிரக்கணக்கில் சட்டை வாங்குகிற கடைக்காரர் எங்கே போவார்? அப்படித்தான் ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, தவணை நின்றது.

2026 பிப்ரவரியில் அந்த 50 சதவீதக் கூடுதல் வரி முடிவுக்கு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் ஒருமுறை வந்தது இன்னொரு முறையும் வரலாம். மழை விட்டது என்று கூரையைப் பிரித்துப் போட முடியுமா?

தமிழ்நாட்டுக்கு ஏன் அடி அதிகம்?

2025 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. இந்தியா முழுவதும் சேர்த்து வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் 100 ரூபாய்க்கு 20 ரூபாய் சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறது. தமிழ்நாட்டுச் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 ரூபாய். ஜவுளித் தொழிலில் மட்டும் தமிழ்நாட்டில் 75 லட்சம் பேர் இருக்கிறார்கள், இந்த வரியால் 30 லட்சம் பேர் வரை வேலை இழக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் பெரும் பங்கு பெண்கள். திருப்பூரில் மெஷினில் உட்காருகிறவர்கள், ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூ தைக்கிறவர்கள், தூத்துக்குடியில் இறால் உரிக்கிறவர்கள். கப்பலில் ஏறுகிற சரக்கு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெண் கைபட்டுத்தான் போகிறது.

ஆனால் இதைப் பற்றி முடிவெடுக்கிற அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வெளிநாட்டு வர்த்தகம் மத்தியப் பட்டியலில் 41ஆவது இனமாக இருக்கிறது. விவசாயம் மாநிலப் பட்டியலில் 14ஆவது இனம். ஒப்பந்தம் போடுவது டில்லி. அதன் நல்லது கெட்டதை அனுபவிப்பது மாநிலத்துக் காடும் தோட்டமும் கம்பெனியும். மாநிலம் செய்யக்கூடியது கடிதம் எழுதுவது, நேரில் கேட்பது, வற்புறுத்துவது. வீட்டுச் செலவெல்லாம் நம்ம தலையில், பணப்பெட்டிச் சாவி மட்டும் வேறொருத்தர் கையில் என்பது மாதிரி. இந்த நிலைமை நமக்குப் புதுசில்லையே!

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும் சகோதரிகளே. மூன்று உதாரணம் சொல்கிறோம்.

முதலாவது, பஞ்சு. நூல் மில்கள் நிறைந்த மாநிலம் நம்முடையது. ஆனால் தேவைப்படும் பஞ்சில் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. 2021 முதல் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி இருந்தது. அதை நீக்கச் சொல்லி மில்காரர்களும் தமிழக அரசும் பலமுறை கேட்டார்கள். 2025 ஆகஸ்ட் 19 முதல் அந்த ஆண்டுக் கடைசி வரை மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. நூல் விலைக்கு இது ஒரு ஆறுதல். ஆனால் பெரம்பலூர் பக்கம் பருத்தி போடுகிற சகோதரியைக் கேட்டால், "வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கினா எம் பருத்தியை யாரு வாங்குவாங்க?" என்பார். அதுவும் நியாயம்தான். ஒருத்தர் வயிற்றை நிரப்ப இன்னொருத்தர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதை இந்த இடத்திலேயே மனதில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, ஐரோப்பா. 2001ஆம் ஆண்டு வந்த ஒரு சலுகைத் திட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்கை வரியில்லாமல் வாங்கியது. வங்கதேசச் சட்டை வரியில்லாமல் போக, நம்ம சட்டை சுமார் 9 முதல் 12 சதவீதம் வரி கட்டிப் போனது. தையல் நல்லா இருந்தும் விலையில் தோற்றோம். வங்கதேசத்தில் மெஷினில் உட்காருகிறவளும் நம்மை மாதிரி பிள்ளை குட்டிக்காரிதான், அவள் மேல் நமக்குக் கோபமில்லை. நமக்கும் அதே வழியைத் திறந்து விடுங்கள் என்றுதான் திருப்பூர் பல வருஷமாகக் கேட்டது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முடிந்தது என்று 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். இரண்டிலுமே நம்ம ஆயத்த ஆடைக்கு வரி நீங்க வழி இருக்கிறது.

மூன்றாவது, பால். சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்பட பல நாடுகள் சேர்ந்த ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கான பேச்சில் இந்தியாவும் இருந்தது. அதில் சேர்ந்தால் நியூசிலாந்துப் பால் பவுடர் மலிவாக வந்து குவியும், இரண்டு மாடு வைத்துக் கறக்கிறவர்கள் கதி என்ன ஆகும் என்று விவசாயிகளும் பால் கூட்டுறவுக்காரர்களும் குரல் கொடுத்தார்கள். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், இந்தியா சேரவில்லை என்று பிரதமர் அறிவித்தார். பிறகு பிரிட்டனோடும், நியூசிலாந்தோடும், ஐரோப்பாவோடும் பேசியபோதும் பால் பொருட்களுக்குச் சலுகை தராமல் விலக்கி வைத்தார்கள். காலையும் மாலையும் சொசைட்டிக்கு நாம் ஊற்றுகிற பாலுக்கு விலை நிற்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக, வெளிநாட்டு வர்த்தகம் கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது வேண்டும். அது இல்லாவிட்டால் திருப்பூரே இல்லை. எதைத் திறக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று தெரிந்து செய்ய வேண்டும். அது அந்தத் தொழிலில் பாடுபடுகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

யாருக்கு அவகாசம் கிடைத்தது?

இப்போது மனதை உறுத்துகிற ஒரு விஷயத்துக்கு வருகிறோம். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அமெரிக்க வரியால் பாதிக்கப்பட்ட ஏற்றுமதித் தொழில்களுக்குக் கடன் தவணை கட்ட அவகாசம் கொடுக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. மத்திய அரசும் ஏற்றுமதியாளர்களுக்கு 20 ஆயிரம் கோடி ரூபாய் வரை கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. கம்பெனி நின்றால்தானே நமக்கு வேலை?

ஆனால் அதே வரியால் ஷிப்ட் போன டைலருக்கு யார் அவகாசம் கொடுத்தது? அவரும் கடன்காரர்தானே. குழுக் கடன், நுண்கடன் கம்பெனிக் கடன், நகைக் கடன் எல்லாம் அவர் பேரிலும் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் வசூல்காரர் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். நம்ம குழுக்களில் பல, நமக்குள்ளேயே பேசி இரண்டு தவணையைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தன. குழு என்று ஒன்று இருந்ததால் அது முடிந்தது. குழுவில் இல்லாதவர் தாலிக்கொடியைத்தான் அடகு வைத்திருப்பார்.

நம்ம கோரிக்கைகள்

அதனால் நிர்வாகக் குழு கூடிப் பேசி, நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

1. எந்த நாட்டோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் மாநில அரசைக் கலந்து பேச வேண்டும். ஒப்பந்தத்தின் சாரத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். நம்ம பிழைப்பைப் பற்றிய காகிதம் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டாமா?

2. பிரிட்டன், ஐரோப்பா ஒப்பந்தங்களால் ஆடைத் தொழிலுக்குக் கிடைக்கும் லாபம் பீஸ் ரேட்டிலும் ஷிப்ட் சம்பளத்திலும் தெரிய வேண்டும். பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காக நடக்க வேண்டும்.

3. பால், பருத்தி போல ஏழை விவசாயி நம்பியிருக்கிற பொருளுக்கு வரியைக் குறைப்பதென்றால், முதலில் அந்த விவசாயிக்கு விலைப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும்.

4. வெளிநாட்டு வரியால் திடீரென வேலை குறைந்தால், கம்பெனிக்குக் கொடுக்கும் அவகாசத்தைத் தொழிலாளிப் பெண்ணின் சிறு கடனுக்கும் கொடுக்க வேண்டும். நுண்கடன் கம்பெனிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

இதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இந்த நான்கையும் படித்துப் பேசுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து வரும் கிராம சபையில் நம்ம உறுப்பினர்கள் எழுந்து இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். தீர்மான நகலை நம்ம தொகுதி எம்.பி.யிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். டில்லியில் நமக்காகப் பேசத்தான் அவர்கள் போயிருக்கிறார்கள்.

"நாலு பொம்பளைங்க எழுதிக் குடுத்தா டில்லி கேட்குமா?" என்று யாராவது சிரிக்கலாம். குழு ஆரம்பித்தபோதும் சிரித்தார்கள். பேங்கு வாசலில் நம்மை நிற்க வைத்தார்கள். இன்றைக்கு மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார். அன்றைக்கு நாம் தனியாகப் போகவில்லை, கூட்டமாகப் போனோம். இதற்கும் அப்படியே போவோம்.

அடுத்த பொதுக்குழுவில் எத்தனை குழு தீர்மானம் எழுதியது, எத்தனை கிராம சபையில் நிறைவேறியது என்ற கணக்கையும் சேமிப்புக் கணக்கோடு சேர்த்துப் படிப்போம். அதில் உங்கள் குழுவின் பேர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.