மூட்டையும் விரலும்

கூட்டுறவு இயக்கத்துக்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. அவர் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து பழகியவர். ஆகவே நியாயவிலைக் கடையைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று கருதினேன்.

1. வழக்கு

ரேஷன் விவாதத்தில் என் தரப்பு எது என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். எதிர்த்தரப்பினர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கொண்ட அன்பு குறைந்ததில்லை. கருத்து வேறுபாடும் குறையவில்லை. இன்று அதை முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

ரேஷன் பொருள் ஏன் கசிகிறது? வாங்க வருகிறவர் யார் என்பது உறுதியாகத் தெரியாததால் கசிகிறது என்பது நண்பர்களின் விடை. மூட்டை எங்கே இருக்கிறது, அதில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாததால் கசிகிறது என்பது என் விடை. கண்காணிக்கும் கருவி எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

கணினிமயத்துக்கே நான் எதிரி என்று சிலர் எழுதினார்கள். அது சரியல்ல. தமிழ்நாட்டில் 2005இல் வழங்கிய குடும்ப அட்டை 2009 வரைதான் செல்லுபடியானது. அதன்பின் உள்தாள் ஒட்டி ஒட்டியே காலத்தை நீட்டித்தோம். கிழிந்த அட்டைகளும் போலி அட்டைகளும் மலிந்திருந்த அந்த நாட்களை மறந்தவனல்லன் நான். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் அட்டை வந்தது. பில் போட்டவுடன் குடும்பத்தாரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போனது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தபோது மக்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடையைக் கேள்வி கேட்கும் வலிமையைக் கருவி மக்களுக்குக் கொடுத்தது. அதை நான் மனமார வரவேற்றேன். 2020 அக்டோபரில் விரல்ரேகைப் பதிவு வந்தபோதுதான் நானும் முன்வரிசை நண்பர்களும் பிரிந்தோம். கேள்வி அப்போது மக்களை நோக்கித் திரும்பிவிட்டது.

2. ஒரு கடையில் ஒரு மாதம்

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கடை. ஊர்ப் பெயர் வேண்டாம். விற்பனையாளரின் அனுமதியோடு ஒரு மாதம் முழுதும் அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

லாரி வந்தது. சுமைதூக்கும் தோழர்கள் மூட்டைகளை இறக்கி அடுக்கினார்கள். எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது, எடை பார்க்கப்படவில்லை. அதற்கு நேரமில்லை, லாரி அடுத்த கடைக்குப் போக வேண்டும். விற்பனையாளர் கையெழுத்திட்டார். அன்று மாலை பக்கத்து நெல் மண்டியிலிருந்து ஒரு தராசை வரவழைத்து, பிரிக்காத ஐந்து மூட்டைகளை நிறுத்துப் பார்த்தோம். ஒன்றுகூட 50 கிலோவைத் தொடவில்லை. ஒன்றில் இரண்டு கிலோ குறைந்தது, இன்னொன்றில் மூன்று. கொக்கி போட்டு இழுத்ததில் சாக்கு கிழிந்து சிந்தியது கொஞ்சம் இருக்கலாம்; ஈரம் உலர்ந்தது கொஞ்சம் இருக்கலாம்; குத்தூசி பட்ட தடமும் சில சாக்குகளில் இருந்தது. யார் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதே என் வாதம். கிடங்கை விட்டுப் புறப்பட்டபோது என்ன எடை, கடையில் இறங்கியபோது என்ன எடை என்ற இரண்டு எண்களும் அருகருகே எழுதப்படவே இல்லை.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. 100 மூட்டை என்றால் 5,000 கிலோ. அட்டைக்கு 20 கிலோ வீதம் 250 அட்டைகளுக்கு அது போதும். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்தால் 200 கிலோ இல்லை. அதாவது பத்துக் குடும்பத்தின் அரிசி கடைக்கே வந்து சேரவில்லை.

ஆனால் பில் போடும் கருவியில் இருப்பு 5,000 என்றே ஏறியிருக்கிறது. அந்த விற்பனையாளர் என்னிடம் கேட்டார்: “சார், மிஷின்ல ஐயாயிரம்னு ஏறிடுச்சு. இல்லாத இருநூறை நான் எங்கேருந்து போடுறது?” நண்பர்களே, பல ஆண்டுகளாக நாம் எழுதிய கட்டுரைகளில் எதிலும் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வோர் அட்டைக்கும் 800 கிராம் குறைத்து நிறுப்பது. 250 அட்டைகளில் 200 கிலோ நேராகிவிடும். மற்றொன்று, வாங்க வராத பத்துக் குடும்பத்தின் பெயரில் பில் போடுவது. விரல்ரேகை இந்த இரண்டாவது வழியை மட்டுமே அடைத்தது. அதனால் சுமை முழுவதும் முதல் வழிக்கு மாறியது. உரிய ஆள்தான் வந்தார், அவருடைய விரல்தான் பதிந்தது, அவருக்கே அரிசியும் குறைந்தது. பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை.

அண்மையில் கடைத் தராசைப் பில் போடும் கருவியோடு இணைத்தோம். தராசில் சரியான எடை நின்றால்தான் பில் வரும். நல்ல ஏற்பாடு, நான் ஆதரிக்கிறேன். ஆனால் இறக்கும் மூட்டையை நிறுக்காமல் இதை மட்டும் செய்தால் என்ன ஆகும்? முதல் வழியும் அடைபடும். விற்பனையாளர் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் கடைசியாக வரும் பத்துப் பேருக்கு “அரிசி தீர்ந்துபோச்சு” என்று சொல்ல வேண்டும். கடைசியாக வருகிறவர் யார்? கூலி வாங்கிய பிறகே கடைக்கு வர முடிகிறவர்.

அதே கடையில் நடவுக்குப் போய்வந்த ஓர் அம்மாளைப் பார்த்தேன். ஒரு விரலை வைத்தார், விழவில்லை. முந்தானையில் துடைத்து வேறொரு விரலை வைத்தார். நான்கு முறை முயன்றும் கருவி அவரை ஏற்கவில்லை. மாற்று வழிகள் விதியில் உண்டு. அன்று அந்தக் கடையில் அவை கிடைக்கவில்லை. “நாளைக்கு வாங்கம்மா” என்றார்கள். சேற்றில் ரேகை தேய்ந்த அந்தக் கையைக் கருவி நான்கு முறை சோதித்தது. அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை ஒருமுறைகூட யாரும் சோதிக்கவில்லை. என் வாதம் முழுவதும் அந்த அறையில் இருந்தது.

3. இரு மாநிலங்கள்

மூட்டையைக் கண்காணித்த ஒரு மாநிலத்தையும் விரலைச் சோதித்த ஒரு மாநிலத்தையும் சுருக்கமாக ஒப்பிடுகிறேன். சத்தீஸ்கர் 2004இல் கடைகளைத் தனியார் கையிலிருந்து எடுத்து ஊராட்சிகள், கூட்டுறவுகள், மகளிர் குழுக்கள் போன்றவற்றிடம் கொடுத்தது. பின்னர் நெல் கொள்முதல் தொடங்கி வழங்கல் வரை கணினியில் ஏற்றியது. லாரி புறப்பட்ட செய்தி, பதிவு செய்துகொண்ட குடிமக்களின் கைபேசிக்குப் போனது. 2004-05இல் அங்கே பாதியளவு தானியம் கசிந்தது. 2011-12இல் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கானது என்று மாதிரிக் கணக்கெடுப்புகளைக் கொண்டு பொருளியலாளர்கள் ழான் திரேசும் ரீத்திகா கேராவும் கணித்தார்கள். விரல்ரேகை வருவதற்கு முன்பே கிடைத்த பலன் இது.

ஜார்க்கண்ட் 2016 முதல் ஆதார் வழி விரல்ரேகையைக் கட்டாயமாக்கியது. அங்கே பொருள் கிடைக்காமல் விலக்கப்பட்டவர்களில் முதியோரும் தனித்து வாழ்வோரும் இருந்தார்கள். 2017இல் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. இறப்பின் காரணம் குறித்து அரசு மறுத்து வாதிட்டது; அட்டை நீக்கப்பட்டதற்கு மறுப்பில்லை.

4. இனிச் செய்ய வேண்டியவை

லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் கடை வாசலில் நிறுக்கப்பட வேண்டும். அந்த எடையே கருவியில் தொடக்க இருப்பாக ஏற வேண்டும். கிடங்கில் பார்த்த எடை, கடையில் பார்த்த எடை இரண்டையும் ஊரார் படிக்கும்படி ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதலாம்.

விரல் விழாமல் திரும்பியவர்களின் எண்ணிக்கையைக் கடைவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுசெல்கிறது. வீட்டு வாசலில் எடை எப்படிப் பார்க்கப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. புலம்பெயர் தொழிலாளர் வேற்றூரில் வாங்கும்போது அந்தக் கடையின் ஒதுக்கீடு எப்படி ஈடாகிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

முன்வரிசை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் லாரி வரும் நாளில் என்னோடு அந்தக் கடைக்கு வாருங்கள். தராசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லா மூட்டையையும் நிறுப்போம். ஐம்பதுக்கு ஐம்பது நின்றால் என் வாதத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.