பேய் கொன்றதா, பயம் கொன்றதா?

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் பேய் காட்டுவது ஒரு வியாபாரம். காசு வாங்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு வருவோரைச் சந்து சந்தாய் நடத்திக் கதை சொல்லுகிறார்கள். வேடிக்கையென்றால் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் கோட்டையருகே 1894-ல் வைத்த சிறு ஊற்று ஒன்று இருக்கிறது. சூனியக்காரிகளென்று அங்கே கொளுத்தப்பட்டவர்களின் ஞாபகச் சின்னம் அது. 1563 முதல் 1736 வரையிருந்த சூனியச் சட்டத்தால் அந்நாட்டில் சுமார் 2500 பேர் மாண்டார்களென மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். தூங்கவிடாமல் வதைத்து, "ஒப்புக்கொண்டாள்" என்று எழுதிக்கொண்டார்கள். இவர்களைக் கொன்றது எந்தப் பேய்? சாத்தானுக்குப் பயந்த பாதிரியும் நீதிபதியும் ஊராருமல்லவா? 2022-ல்தான் முதல் மந்திரி மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே பெற்றோர்களே, பேய்க் கதையோடு இந்தக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இதையறிந்த பிள்ளை இருட்டுக்கும் அஞ்சாது, புரோகிதனுக்கும் அஞ்சாது.