மெல்லிய தாளும் நம் இதழும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்குத் தாளின் நிறையைப் பற்றி என்ன கவலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். யாமும் அண்மைக் காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், செயற்குழுவில் வரவு செலவுக் கணக்குப் படிக்கப்பட்டபோது, நம் திங்களிதழின் தாட்செலவும் அஞ்சற்செலவும் சந்தா வரவை விஞ்சி நிற்பது தெரியவந்தது. அன்பர் சிலர், இனி அச்சிடாது கைப்பேசி வாயிலாகவே இதழை அனுப்பிவிடலாம் என்றனர். வேறு சிலர், முப்பத்திரண்டு பக்கத்தைப் பதினாறாகக் குறைக்கலாம் என்றனர். இவ்விரண்டும் வேண்டா, மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே இன்று யாம் கூற வந்தது.

கைப்பேசியை யாம் பழிப்பவர் அல்லோம். எனினும், இம்மலையிற் கைப்பேசி எங்கெங்கு வாய் திறக்கும், எங்கெங்கு ஊமையாகும் என்பதை நீங்கள் எம்மினும் நன்கு அறிவீர்கள். நம் இதழோ, ஒரு வீட்டிற்கு வந்தால் நான்கு வீடுகளுக்கு நடந்து செல்கின்றது. பாட்டி கேட்கப் பேரன் உரக்கப் படிக்கின்றான். பள்ளிப் பாடத்திற்கு அப்பால் அவன் படிக்கும் தமிழ் பெரும்பாலும் அதுவே. திருமணச் செய்தியும், மாணவர்க்கான உதவித்தொகை அறிவிப்பும், மறைந்த பெரியோர் வரலாறும் அதில் இருக்கின்றமையால், பழைய இதழ்களைப் பெட்டியில் வைத்துக் காப்போரும் உளர். ஆதலின் இதழும் நிற்றல் வேண்டும்; பக்கமும் குறைதல் கூடாது. குறைய வேண்டுவது தாளின் பருமனே.

'இதழ்' என்னும் பெயரையே சற்று எண்ணிப் பாருங்கள். மலரின் இதழ் மெல்லியது. மென்மையால் அதன் மணம் குன்றுவதில்லை. பண்டு நம் முன்னோர் எழுதிய ஏடோ பனையோலை. ஒரு பெருநூலைச் சுமக்க ஒரு சுவடிக்கட்டு வேண்டும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியையும், 1889-ஆம் ஆண்டிற் பத்துப்பாட்டையும் அச்சிட்டு வெளியிட்டபோது, சுவடிச் சுமை கையடக்கமான நூலாயிற்று. அப்பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன் ஆண்ட செங்கம், நம் மலையின் அடிவாரத்தூரே அன்றோ! இலேசான பொருளில் ஏறியமையாலன்றோ அந்நூல் இன்று மாணாக்கர் கைக்கு எட்டுகின்றது!

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் நிறையுடையது என்பதைக் கொண்டே தாளின் தரத்தைக் குறிப்பர்; அச்சுக்கூடத்தார் இதனை 'ஜி.எஸ்.எம்.' என்பர். நம் இதழ் டெம்மி அளவில், எட்டில் ஒன்றாக மடிக்கப்படுவது. முப்பத்திரண்டு பக்கத்திற்கு 18-க்கு 23 அங்குலத் தாள் இரண்டு செல்லும். அவ்விரண்டும் 80 ஜி.எஸ்.எம். தாளாயின் சுமார் 42.7 கிராம், 60 ஜி.எஸ்.எம். தாளாயின் சுமார் 32 கிராம். ஆயிரம் படி அச்சிடுவதாகக் கொண்டால், ஒரு திங்களுக்கு ஏறத்தாழப் பத்தரைக் கிலோவும், ஓராண்டிற்கு ஏறத்தாழ 128 கிலோவும் மிச்சமாகும். ஓரெழுத்தும் குறையாமல் நான்கில் ஒரு பங்கு தாள் குறைகின்றது.

தாள் நிறையால் விற்கப்படுவது. மெல்லிய தாள் கிலோ ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல் விலையாக இருத்தலும் உண்டு. ஆதலின் கிலோ விலையைக் கேட்டு மயங்காது, இதழ் ஒன்றுக்கு என்ன ஆகும் என்றே வினவுதல் வேண்டும். அஞ்சற்கட்டணமும் நிறையைப் படிப்படியாகப் பகுத்து விதிக்கப்படுவது. 50 கிராம் என்பது பல கட்டண வரிசைகளில் முதற்படியின் எல்லை. தடித்த தாளில் அச்சிட்ட இதழ், அட்டையும் உறையும் சேர்ந்தவுடன் அவ்வெல்லையைத் தாண்டிவிடும். மெல்லிய தாளில் அச்சிட்டது அதற்குள்ளேயே அடங்கும். தாண்டுவது ஒரு கிராமாயினும், கொடுப்பது அடுத்த படியின் கட்டணமே.

இது பொருட்செலவு மட்டுமன்று. மரக்கூழால் ஒரு டன் தாள் செய்யச் சுமார் இரண்டு டன் மரம் வேண்டும். பல்லாயிரம் லிட்டர் நீரும், கொதிகலனுக்கு எரிபொருளும் வேண்டும். சென்ற நூற்றாண்டில் இந்நாட்டுக் காகித ஆலைகள் பெரிதும் மூங்கிலையே நம்பியிருந்தன. மூங்கிற் காகிதத் தொழிலைக் காக்க 1925-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. காடு வெட்டுண்டால் ஊற்று வற்றும் என்பதைச் செய்யாறு பிறக்கும் இம்மலையில் வாழ்வார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மரத்தை விடுத்துக் கரும்புச் சக்கையாற் காகிதம் செய்யும் நெறியும் நம் நாட்டில் உண்டு. தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துப் புகளூரை அடுத்த காகிதபுரத்தில் 1984 முதல் இம்முறையில் தாள் செய்து வருகின்றது. சர்க்கரை ஆலைகள் அடுப்பெரிக்கப் பயன்படுத்திய சக்கையைப் பெற்று, அதற்கு ஈடாக நிலக்கரி முதலிய எரிபொருளை அவற்றிற்குக் கொடுக்கும் ஏற்பாட்டால் இது கைகூடிற்று. பயிரின் அடித்தண்டுக்குத் 'தாள்' என்று பெயர். கரும்பின் தண்டே எழுதும் தாளானது பொருத்தமே. எனினும் சக்கைத் தாளுக்கும் நீரும் நெருப்பும் வேண்டும். ஆதலின் எத்தாளாயினும் அளவறிந்து செலவிடுதலே அறம்.

மெல்லிய தாளுக்குக் குறையே இல்லையோ என்பீர்கள். உண்டு. முன்னொரு முறை யாம் எழுதிய சிறுநூலொன்றை ஓர் அச்சுக்கூடத்தார் மலிவான மெல்லிய தாளில் அச்சிட்டுத் தந்தனர். பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாடியது. அதனைப் பெற்ற முதியவர் ஒருவர், "ஐயா, ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் படிக்க எனக்குப் பயிற்சி இல்லையே!" என்றார். அன்று நாணினோம், மெல்லிய தாள் வேறு, மட்டத் தாள் வேறு என்பதையும் அன்றே கற்றோம்.

கூழோடு சுண்ணாம்புப் பொடி போன்ற நிரப்புப் பொருளைத் தக்க அளவிற் சேர்த்தால், தாள் மெல்லியதாயினும் ஒளி ஊடுருவாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் 1875-இல் 'இந்தியத் தாள்' என்னும் மிக மெல்லிய தாளில் விவிலியத்தை அச்சிட்டனர். 1910, 1911 ஆண்டுகளில் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் பதினோராம் பதிப்பும் அத்தகைய தாளில் வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நீடித்த வாழ்வும் தடிப்பால் வருவதன்று. பழந்தமிழ்ப் பதிப்புகள் பல இன்று தொட்டால் நொறுங்குகின்றன. காரணம் அத்தாளின் மென்மையன்று, அதிற் கலந்துள்ள அமிலமே. சென்னையில் 1994-இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அத்தகைய நூல்களை நுண்படச் சுருளில் ஏற்றிக் காத்து வருகின்றது. ஆதலின் நாம் வாங்குங்கால் மெல்லியதா என்று மட்டும் கேளாது, அமிலமற்றதா என்றும் கேட்டல் வேண்டும்.

முடிவாக நான்கு சொல்வோம். முதலாவது, உள்தாளை 80-இலிருந்து 60 ஜி.எஸ்.எம். ஆக்குதல். அதனினும் மிகக் குறைத்தல் வேண்டா; தாள் பொறியிற் சுருங்கிக் கிழிவதாற் சேதமாவது மிகும். இரண்டாவது, இருபக்கத்து வரிகளும் ஒன்றன் பின் ஒன்று நேர் பொருந்துமாறு அச்சிடச் செய்தல். அப்போது வரியிடைவெளி வெண்மையாக நிற்கும். மூன்றாவது, எழுத்தின் அளவைச் சிறிதும் குறையாதிருத்தல். முதியோர் கண்ணை வருத்திச் சேர்க்கும் காசு நமக்கு வேண்டா. நான்காவது, முதல் திங்களில் ஐம்பது படி மட்டும் அச்சிட்டு, இம்மலையூர்ப் பெரியோர் கையிற் கொடுத்து, அவர்கள் நன்றென்ற பின்னரே ஏனையவற்றை அச்சிடுதல்.

இவ்வாறு மிஞ்சும் பொருளை வேறெதற்கும் செலவிடாது, சந்தா செலுத்த இயலாத மலையூர் வீடுகளுக்கு இதழ் அனுப்பவே ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். ஒரு வீட்டிற்கு இதழ் நின்றுபோனால், அவ்வீட்டார் சங்கத்தினின்றும் மெல்ல நழுவுவர். அவ்வீட்டுப் பிள்ளை படிக்கும் தமிழும் குறையும். தாள் மெலியலாம், நம் உறவு மெலிதல் ஆகாது.