பயிர்க் காப்பீடு: விவரம் சரியாக இருந்தால்தான் இழப்பீடு

(ஒரத்தநாட்டில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழவியல் துறையிலிருந்து வருகிறவன் விதையளவு, மேலுரம், களைக்கொல்லி பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பக்கத்துக் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை, ஏன்?" என்ற கேள்வி டெல்டாவில் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. இதற்கு விடை பெரும்பாலும் வயலில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ஆம் ஆண்டு காரீப் பருவம் முதல் நடைமுறையில் உள்ளது. பரவலான மகசூல் இழப்புக்கு இதில் தனித்தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. பரப்பு முறை என்று இதற்குப் பெயர். பொருளியல் அறிஞர் வி.எம். தண்டேகர் எடுத்துரைத்து, பொதுக் காப்பீட்டுக் கழகம் 1979-இல் சோதனையாகத் தொடங்கிய முறையே இது. நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகு. அந்தக் கிராமத்தின் சராசரி மகசூல் உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால், அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு. இறங்காவிட்டால், உங்கள் வயல் முழுதும் சாய்ந்து கிடந்தாலும் இந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. இது நியாயமா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வயலாகப் பார்ப்பதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை என்பதால் வந்த ஏற்பாடு இது.

உத்தரவாத மகசூல் எப்படி வருகிறது? கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அறிவிக்கப்பட்ட ஈட்டுறுதி அளவால் பெருக்குவார்கள். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். சராசரி எக்டருக்கு 5,000 கிலோ, ஈட்டுறுதி 90 சதவீதம் என்றால் உத்தரவாதம் 4,500 கிலோ. இவ்வாண்டு கிராமச் சராசரி 3,600 கிலோ என்றால் குறைவு 900 கிலோ, அதாவது 20 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்திருந்தால் 7,200 ரூபாய் கிடைக்கும். ராபி பருவ உணவுப் பயிருக்கு உழவர் பங்கு 1.5 சதவீதம், இந்தக் கணக்கில் பிரீமியம் 540 ரூபாய்.

அந்த 3,600 எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது. 1920-களில் பீகார், ஒரிசாப் பகுதியில் ஹப்பக் என்ற அதிகாரி நெல்லுக்குச் செய்து பார்த்த குலுக்கல்முறை மாதிரி அறுவடையின் வழித்தோன்றல் இது. கிராமத்திற்குக் குறைந்தது 4 இடங்கள். சர்வே எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது எக்டரில் 400-இல் ஒரு பங்கு. ஆகவே அரைக் கிலோ எடை மாறினால் எக்டருக்கு 200 கிலோ மாறும். நான்கு இடத்திலும் அப்படி அரைக் கிலோ கூடிப் பதிவானால், மேலே சொன்ன கணக்கில் ஏக்கருக்கு 1,600 ரூபாய் போய்விடும். கல்லணைக் கால்வாயின் வாய்மடை வயலும் கடைமடை வயலும் ஒரே கிராமத்தில் இருக்கையில், நான்கு இடங்கள் எங்கே விழுகின்றன என்பதும் பெரிய விஷயம். அதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். வரப்பில் நின்று "இந்த வயலை எடுங்கள்" என்று யாரும் கை காட்டக்கூடாது, நாமும் காட்டக்கூடாது. அறுக்கும் நாளைத் தெரிந்துகொண்டு நான்கு பேராகப் போய் நில்லுங்கள். அளவுக் கயிறு, தராசு, ஈரப்பதக் கழிவு மூன்றையும் கவனியுங்கள். எடையை உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். செயலியில் படமும் இருப்பிடமும் பதிவாவதால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இழப்பீடு வரட்டும் என்று மகசூலைக் குறைத்து எழுதச் சொல்வது சில இடங்களில் உண்டு. ஏழில் இரண்டு மோசமான ஆண்டுகளைக் கணக்கு தானே தள்ளிவிடும். அதற்கு மேலும் குறைத்து எழுதினால் உத்தரவாத மகசூலே சரிந்துவிடும். பிறகு மெய்யாகவே பயிர் போகும் ஆண்டில் கை வெறுமையாக நிற்கும்.

அடுத்தது உங்கள் சொந்த விவரம். கண்ணந்தங்குடி கீழையூர், கண்ணந்தங்குடி மேலையூர் என்று இந்த ஒன்றியத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. பதிவு செய்பவர் கணினியில் ஒரு வரி தள்ளி அழுத்திவிட்டால் உங்கள் நிலம் வேறு கிராமக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே பொது சேவை மையத்திலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பணம் கட்டி ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எல்லாம் அடங்கலோடும் பாஸ்புத்தகத்தோடும் பொருந்த வேண்டும். சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அந்த வாரத்தில் போய் நெரிசலில் நின்றால் யாரும் படித்துப் பார்க்க விடமாட்டார்கள், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். குத்தகைதாரர்கள் அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2020 காரீப் முதல் கடன் பெற்றோருக்கும் இது கட்டாயமில்லை. சங்கத்தில் பயிர்க்கடன் இருப்பதால் காப்பீடும் தானே ஆகியிருக்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

மாவட்டத்துக்கு எந்த நிறுவனம் என்பது ஒப்பந்தப்புள்ளிப்படி மாறக்கூடியது. சென்ற முறை வந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் நிற்பதில் பயனில்லை. இவ்வாண்டு யார் என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ரசீதிலுள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டு தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். அறுத்துப் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால் அது தனி இழப்பு. 72 மணி நேரத்திற்குள் 14447 என்ற எண்ணில் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராம மகசூல் எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வரவில்லையென்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வேளாண்மைத் துறைக்கோ புள்ளியியல் துறைக்கோ 10 ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். "இழப்பீடு ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வரும். எங்கள் வருவாய்க் கிராமத்தில் எந்தெந்தச் சர்வே எண்களில் பரிசோதனை நடந்தது, ஒவ்வொன்றிலும் எடை எவ்வளவு, உத்தரவாத மகசூல் எவ்வளவு என்ற இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். வரும் பதிலை உங்கள் நோட்டில் குறித்த எடையோடு வைத்துப் பாருங்கள்.