தேமல் என்று சொல்லிவிட்டால் போதுமா?

(கொழுந்து மடுவத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிஸ்பென்சரிக்குப் போனால் "ஐயா, மேலெல்லாம் சொறி" என்கிறோம். அரிப்பது எல்லாமே நமக்குச் சொறிதான். டாக்டருக்கு அப்படியில்லை. ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் பொடிப் பொடியாக வந்து, வீட்டில் நாலு பேருக்கும் தொற்றினால் துண்டில் 'ஸ்கேபீஸ்' என்று எழுதுவார். தோலுக்குள் சிறு பூச்சி குடைந்து முட்டையிடுவதால் வருவது. பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் போகாது. காம்பராவில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் பூச வேணும். இடுப்பில் ஈரப் படங்கு உரசுகிற இடத்தில் வட்டமாக, ஓரம் தடித்து வருவது படை. அதற்கு 'டீனியா' என்று பெயர். பக்கத்து லயத்து அக்கா தந்த கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், படை பரவும்.

நான் முக்கியமாகப் பேச வந்தது தேமலைப் பற்றி. நெஞ்சிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வருகிற தேமல் ஆபத்தில்லை. ஆனால் வெளிறினதெல்லாம் தேமலா?

கவ்வாத்து வெட்டும் அண்ணன் ஒருவர் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டைக் காட்டினார். "தேமல்தான் அண்ணே, போயிடும்" என்று நானே சொன்னேன். டாக்டர் மாதிரி! பல மாதம் கழித்து, கொதிக்கிற கேத்தல் பட்டு அந்த இடம் கொப்பளித்துப் போனது. அவருக்குத் தெரியவே இல்லை. சம்சாரம்தான் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். அதற்குள் நரம்பு கெட்டு, சுண்டுவிரல் மடங்கிவிட்டது. மருந்து முடித்து இப்போது மலைக்குப் போகிறார். விரல் நிமிரவில்லை.

இந்தத் திட்டு பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. அதனால்தான் விட்டுவிடுகிறோம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்க. தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே போங்க. தெரிந்தாலும், மாதக்கணக்கில் மாறாத திட்டைக் காட்டத்தான் வேணும்.

குஷ்டம் என்ற பேரைக் கேட்டதும் ஒதுக்கி வைக்கிற காலம் போய்விட்டது. இது சாமி குற்றமுமில்லை, பரம்பரையுமில்லை, ஒரு கிருமி. இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். இலவசம். நோயின் அளவைப் பார்த்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குப் பரவாது. லயத்தை விட்டுப் போக வேண்டியதில்லை.

இனி டாக்டரிடம் நோய்க்குப் பேர் வைக்காதீங்க. எங்கே வந்தது, எப்போதிருந்து, அரிக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, இந்த நாலையும் சொல்லுங்க. சட்டையை விலக்கிக் காட்ட வெட்கப்படும் பொம்பளைப் பிள்ளைகள் முதலில் மிட்வைஃப் அம்மாவிடம் காட்டலாம்.