மதுரையைவிடப் பக்கம்

சென்னையை அடுத்த கோவளம் கரையில் நின்று தெற்கே பாருங்கள். ஏறக்குறைய அதே நேர்கோட்டில்தான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து வான்வழியே சுமார் 355 கிலோமீட்டர். மதுரைக்கோ 400க்கு மேல்! கடல் தாண்டிய ஊர்தான் நமக்குக் கிட்ட.

2019 நவம்பரில் தொடங்கிய சென்னை–யாழ்ப்பாணம் விமானச் சேவை கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. பறப்பது ஏடிஆர், விசிறி வைத்த சின்ன விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஓடுதளம்வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

கோவளத்திலிருந்து மீனம்பாக்கம் போகிற நேரம்? அதை எந்த அட்டவணைக்காரரும் போடத் துணியவில்லை.